பிறர் செல்வத்தின் காவலர்

2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் இறுதி வாரத்தில் நியூயோர்க் பங்குச் சந்தையில் சில நிறுவனங்களின் பங்குகள் காரணம் தெரியாமல் சரியத் தொடங்கின. சில நாட்களில் காரணம் வெளியாயிற்று. ‘ஆர்கெகோஸ்’ என்ற பெயருடைய ஒரு நிறுவனம் பெரும் வங்கிகளிடம் கடனாகப் பெற்ற பலத்தில் பங்குகளின் மேல் வைத்திருந்த பந்தயங்கள் ஒரே வேளையில் முறிந்துவிட்டன. சுவிற்சர்லாந்தின் கிரெடிட் சுவிஸ் வங்கிக்கு மாத்திரம் ஏறத்தாழ 5.5 பில்லியன் டொலர் நட்டம். ஜப்பானின் நொமுராவும் பில்லியன் கணக்கில் இழந்தது. அதுவரை உலகில் மிகச் சிலரே கேள்விப்பட்டிருந்த அந்த நிறுவனம் வங்கியும் அன்று, பொதுமக்களிடம் பணம் திரட்டிய முதலீட்டு நிதியமும் அன்று. ஆங்கிலப் பத்திரிகைகள் அதனை ‘பமிலி ஒபிஸ்’ என்று எழுதின.

அன்று கொழும்பிலிருந்து ஓர் இளம் செய்தியாளர் தொலைபேசியில் அழைத்து, “ஐயா, இதற்குத் தமிழில் என்ன எழுதுவது? குடும்ப அலுவலகம் என்று எழுதினால் வீட்டுக்குள்ளே நடத்தும் காரியாலயம் என்று வாசகர்கள் எண்ணிவிடுவார்களே” என்று கேட்டார். நியாயமான ஐயந்தான். “குடும்பச் செல்வக் காரியாலயம் என்று எழுதுங்கள். முதல் தடவை ஒரு வரி விளக்கமும் சேர்த்துவிடுங்கள்” என்றேன். அந்த ஒரு வரி விளக்கத்தைச் சற்று விரித்து எழுத வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்தே இருந்தது. அண்மையில் எனது உறவினர் ஒருவர் கேட்ட கேள்வி அதற்கு அவசரத்தையும் கொடுத்துவிட்டது. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

ஒரு குடும்பத்திடம் அளவுக்கு மிஞ்சிய செல்வம் சேர்ந்துவிட்டால் அதனை அக்குடும்பத்தினரே நேரில் நிருவகிப்பது இயலாமற் போகின்றது. பங்குகள், கட்டடங்கள், காணிகள், கடன்கள், வரிக் கணக்குகள், மரண சாசனங்கள், பிள்ளைகளின் பெயரிலான நம்பிக்கைப் பொறுப்புகள், நன்கொடைகள், விமானம், ஓவியச் சேகரிப்பு, வீட்டுப் பணியாளரின் சம்பளம், பாதுகாப்பு ஆகிய அனைத்தையும் ஓரிடத்திலிருந்து கவனிப்பதற்காக அக்குடும்பம் தன் செலவில் அமைத்துக்கொள்ளும் காரியாலயமே இது. ஒரே குடும்பத்துக்கு உரியதும் உண்டு, பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. தனிக் காரியாலயம் வைத்துக்கொள்ளக் குறைந்தது 100 மில்லியன் டொலராவது இருந்தால்தான் கட்டுப்படியாகும் என்பது அத்துறையினர் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

இக்காரியாலயத்தின் தலைவராக இருப்பவரின் நிலை விசித்திரமானது. அவருடைய கையெழுத்தில் கோடிகள் இடம் மாறும். அவற்றில் ஒரு சதமும் அவருடையதன்று. குடும்பத்தின் நோய்களையும் பிணக்குகளையும் அவர் அறிவார். எந்த மகன் பொறுப்பற்றவன், எந்த மருமகள் பிரிந்து செல்லப்போகிறாள் என்பது தாய் தந்தைக்கு முன்னரே அவருக்குத் தெரிந்துவிடும். ஆயினும் அவர் அக்குடும்பத்தவர் அல்லர். நாளையே போகச் சொன்னால் போக வேண்டியவர்.

தமிழருக்கு இத்தகைய மனிதர் புதியவர் அல்லர். கொழும்பு செட்டியார் தெருவில் இன்று நகைக்கடைகள் நிறைந்திருக்கின்றன. அத்தெருவுக்குப் பெயர் தந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் இலங்கை, பர்மா, மலாயா ஆகிய நாடுகளில் கடன் வணிகம் நடத்தினார்கள். பல வேளைகளில் முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடல் கடந்த நாட்டில் கடையை நடத்துபவர் அவரால் அனுப்பப்பட்ட முகவர். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி முற்பணமாகக் குடும்பத்திடம் கொடுக்கப்படும். தவணை முடிந்ததும் ஐந்தொகையை ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். கணக்கு நேராக இருந்தால் அடுத்த தவணையில் பெரிய பொறுப்புக் கிட்டும். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலைகள் இருந்தன. பெட்டியடிப் பையனாக வந்தவன் மேலாளாகி, பின்னர் தானே முதலாளியாகவும் ஆகலாம்.

அந்த முறைமையின் உயிர்நாடி கணக்குப் புத்தகமும் நற்பெயருமே. முதலாளி ஆயிரம் மைல்களுக்கு அப்பால் இருந்தார். தந்தியும் கடிதமும் தவிர வேறு தொடர்பு இல்லை. ஏமாற்ற நினைத்தால் வழி ஏராளம். ஆனால் ஏமாற்றியவனுக்கு ஊரில் முகம் இல்லாமற் போய்விடும். அவனுடைய பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேச எவரும் வரமாட்டார்கள். சட்டம் செய்யும் வேலையைச் சாதிச் சமூகத்தின் கண் செய்தது. கணக்கில் ‘மகமை’ என்று ஒரு பத்தியும் இருந்தது. வணிகத்தில் வரும் பணத்தில் ஒரு பங்கு கோயிலுக்கும் அறத்துக்கும் என்று முதலிலேயே ஒதுக்கப்பட்டுவிடும். செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் புறப்படும் ஆடிவேல் இரதத்தின் பின்னால் இந்தப் பத்தியும் இருக்கின்றது.

அதே முறைமை முறிந்த கதையையும் மறைக்கலாகாது. 1925இல் செட்டியார் கடைகள் சில நொடித்தபோது ஐரோப்பிய வங்கிகள் அவர்களுக்கு வழங்கிவந்த கடனைச் சுருக்கின. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒன்றாக வீழ்ந்தனர். 1934இல் இலங்கை வங்கி ஆணைக்குழு நியமிக்கப்பட்டதற்கும் 1939இல் இலங்கை வங்கி தோன்றியதற்கும் உள்ள பின்னணிகளுள் இதுவும் ஒன்று. தனி மனிதரின் நற்பெயரை மாத்திரம் நம்பிய கட்டடம் பெரும் புயலைத் தாங்காது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இன்றைய குடும்பக் காரியாலயங்களின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அமெரிக்காவின் ரொக்பெல்லர் குடும்பத்திலிருந்தே தொடங்குகிறார்கள். அதிலே எனக்கு அக்கறை ரொக்பெல்லரிடம் அன்று. அவருடைய செல்வத்தை நிருவகித்த பிரெடெரிக் கேற்ஸ் என்ற மனிதரிடமே. (இவருக்கும் மைக்ரோசொப்ட் பில் கேற்ஸுக்கும் உறவு எதுவுமில்லை.)

ஜோன் டி. ரொக்பெல்லர் தனது 16ஆவது வயதில், 1855 செப்டெம்பரில், கிளீவ்லாந்து நகரின் ஒரு வணிக நிலையத்தில் உதவிக் கணக்குப்பிள்ளையாக வேலைக்குச் சேர்ந்தவர். அன்று தொட்டுத் தன் சொந்த வரவு செலவையும் ஒரு சிறு புத்தகத்தில் எழுதிவந்தார். தேவாலயத்துக்குக் கொடுத்த காசும் அதிலே பதிவாகியுள்ளது. செட்டியாரின் மகமைப் பத்தியை அறிந்தவருக்கு அந்தப் புத்தகம் அந்நியமாகத் தோன்றாது. 1870இல் ஸ்ராண்டர்ட் ஒயில் நிறுவனத்தைத் தொடங்கிய அவர் இருபது ஆண்டுகளில் அமெரிக்காவின் எண்ணெய் வணிகத்தைக் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். பணம் குவிந்தது. கூடவே இரந்து எழுதும் கடிதங்களும் ஆயிரக்கணக்கில் குவிந்தன. உண்ணும்போதும் நடக்கும்போதும் மனுக்காரர் பின்தொடர்ந்தனர். அவர் உடல்நலம் கெட்டது.

அந்நிலையில்தான் 1891இல் அவர் கேற்ஸைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். கேற்ஸ் வங்கியாளர் அல்லர், கணக்காளரும் அல்லர். மினியாபொலிஸ் நகரில் பப்ரிஸ்ற் சபைப் போதகராக இருந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டும் அலுவலில் ரொக்பெல்லருக்கு அறிமுகமானவர். நன்கொடை கேட்போரை விசாரித்துத் தகுதியானோரைத் தெரிவுசெய்வதே அவருக்கு முதலில் தரப்பட்ட வேலை. சிறிது காலத்தில், பயணம் போகும் இடங்களில் உள்ள தமது முதலீடுகளையும் பார்த்துவருமாறு ரொக்பெல்லர் பணித்தார். பார்த்துவந்த கேற்ஸ் சொன்ன செய்தி இனிமையானதன்று. தேவாலய நண்பர்களின் சொல்லை நம்பி ரொக்பெல்லர் பணம் போட்ட சுரங்கங்களும் ஆலைகளும் பல நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தன. எண்ணெயில் எவரும் ஏமாற்ற முடியாத மனிதர் ஏனைய இடங்களில் எளிதாக ஏமாற்றப்பட்டிருந்தார்.

இத்தொழிலின் முதல் இலக்கணம் இங்கேதான் இருக்கின்றது என்பது என் எண்ணம். நாட்டின் மிகப் பெரிய செல்வந்தரிடம், “நீங்கள் நம்பியவர்கள் உங்களைத் தவறான இடத்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள்” என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு முன்னாள் போதகர் சொன்னார். சொல்லக் கேட்ட செல்வந்தர் அவரை அனுப்பிவிடவில்லை. முதலீடுகள் முழுவதையும் அவர் கையில் ஒப்படைத்தார். சொல்லும் துணிவும் கேட்கும் பொறுமையும் ஒரே காரியாலயத்தில் சந்திப்பது அபூர்வம்.

கேற்ஸின் திறமைக்கு மெசாபி எடுத்துக்காட்டு. மினசோட்டா மாநிலத்தில் மெரிட் சகோதரர்கள் கண்டுபிடித்த இரும்புத்தாதுச் சுரங்கங்கள் 1893இன் நிதி நெருக்கடியில் தள்ளாடியபோது ரொக்பெல்லரின் பணம் உள்ளே நுழைந்தது. முடிவில் சுரங்கங்கள் அவர் வசமாயின. கேற்ஸ் அவற்றைச் சுற்றிக் கப்பல்களையும் இரயில் பாதையையும் ஒன்றிணைத்தார். 1901இல் அந்தச் சுரங்கங்கள் மோர்கன் உருவாக்கிய அமெரிக்க உருக்குக் கூட்டுத்தாபனத்துக்கு 80 மில்லியன் டொலர் பெறுமதியில் கைமாறின. மெரிட் சகோதரர்களோ தாம் ஏமாற்றப்பட்டதாக வழக்குத் தொடுத்து, இறுதியில் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு சமரசமாயினர். வென்றவரின் வரலாற்றில் இது திறமை. தோற்றவரின் வீட்டில் இதற்கு வேறு பெயர்.

ஆனால் கேற்ஸின் பெரும் பணி செல்வத்தைப் பெருக்கியதில் இல்லை. பெருகும் செல்வம் பனிச்சரிவைப் போல உருண்டு வருகின்றது, அது திரள்வதைவிட விரைவாகப் பகிர்ந்தளிக்காவிட்டால் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் நசுக்கிவிடும் என்ற கருத்துப்பட அவர் தம் முதலாளிக்கே எழுதினார். 1897ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் வில்லியம் ஒஸ்லரின் தடித்த மருத்துவப் பாடநூலை அவர் கதைப் புத்தகம் போல் வாசித்து முடித்தார். அக்கால மருத்துவத்தால் மெய்யாகவே குணப்படுத்தக்கூடிய நோய்கள் எவ்வளவு சில என்பதை அந்நூலே அவருக்குக் காட்டியது. அதன் பயனாக 1901இல் ரொக்பெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிலையமும், 1909இல் கொழுக்கிப்புழு ஒழிப்பு ஆணைக்குழுவும், 1913இல் ரொக்பெல்லர் மன்றமும் தோன்றின.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் இது ஒரு நல்லவரின் கதையாக முடிந்துவிடும். கேற்ஸின் கதை அவ்வளவு சுத்தமானதன்று.

ரொக்பெல்லர் குடும்பம் கொலராடோ மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்க நிறுவனம் ஒன்றில் ஏறத்தாழ 40 சதவீதப் பங்கு வைத்திருந்தது. அதனைச் சீர்படுத்தக் கேற்ஸ் தமது மாமன் முறையான லமொன்ற் பவர்ஸ் என்பவரை அனுப்பியிருந்தார். தொழிற்சங்கத்தை ஏற்கச் சொல்லி 1913 செப்டெம்பரில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கம்பனி வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் குளிர்காலம் முழுவதும் கூடாரங்களில் வாழ்ந்தன. பவர்ஸ் அசையவில்லை. நியூயோர்க் காரியாலயம் அவரைப் பாராட்டிக் கடிதங்கள் எழுதியது. 1914 ஏப்ரில் 20ஆம் திகதி லட்லோ என்ற இடத்தில் மாநிலப் படையினர் கூடாரங்களின் மீது சுட்டனர். கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டப்பட்டிருந்த குழியில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத் திணறி மாண்டனர். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் ரொக்பெல்லரின் மகன் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் சாட்சியமளித்திருந்தார். தாம் பத்து ஆண்டுகளாகக் கொலராடோவுக்குப் போகவில்லை என்று அவரே அங்கு கூறினார்.

எழுதும்போதே கை தயங்குகின்ற செய்தி இது. குழந்தைகளின் நோய்க்காக மருத்துவ ஆராய்ச்சி நிலையம் கண்ட அதே காரியாலயந்தான் அந்தக் கூடாரக் குடும்பங்களை வெறும் கணக்கு வரியாகப் பார்த்தது. கெட்ட எண்ணம் இதற்குக் காரணமென்று நான் கருதவில்லை. தூரமே காரணம். பிறர் செல்வத்தை நிருவகிப்பவருக்குச் செல்வந்தரின் முகம் தினமும் தெரிகின்றது. செல்வம் யாருடைய உழைப்பிலிருந்து வருகின்றதோ அவருடைய முகம் தெரிவதில்லை. அறிக்கையில் வருவது இலாபமும் நட்டமும் மாத்திரமே. லட்லோவுக்குப் பின்னர் மகன் ரொக்பெல்லர், பிற்காலத்தில் கனடாவின் பிரதமரான மக்கென்சி கிங்கின் ஆலோசனையோடு, 1915இல் நேரில் சுரங்கத்துக்குச் சென்று தொழிலாளரோடு உரையாடினார். கேற்ஸுக்கு அந்த இணக்கப் போக்கு பிடிக்கவில்லை.

இக்கதைக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. வாசகர்களில் பலர் அதனை அறிந்திருக்கமாட்டார்கள். கேற்ஸ் தொடக்கிவைத்த கொழுக்கிப்புழு ஒழிப்புப் பணி அமெரிக்காவின் தென் மாநிலங்களோடு நிற்கவில்லை. ரொக்பெல்லர் மன்றம் அதனை உலகின் வேறு பாகங்களுக்கும் கொண்டுசென்றது. 1916இல் அது இலங்கைக்கு வந்தது. பணி தொடங்கிய இடம் மாத்தளைப் பகுதித் தோட்டங்கள். சிகிச்சை பெற்றவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள்.

வெறுங்காலோடு மண்ணில் நடப்பவரின் தோலைத் துளைத்துக் குடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சும் அப்புழு பெரும்பாலான தொழிலாளரின் உடலில் இருந்தது. சோகை பிடித்த உடலோடு அவர்கள் மலை ஏறினார்கள். மன்றத்தின் வைத்தியர்கள் மருந்து கொடுத்துப் புழுக்களை வெளியேற்றினர். பலன் இருந்தது. ஆனால் மலசலகூடம் இல்லாத லயங்களில் மருந்துண்டவரை மீண்டும் அதே புழு பற்றிக்கொண்டது. நோயின் வேர் குடலில் இல்லை, குடியிருப்பில் இருந்தது. அதை மாற்றுவதற்குத் தோட்ட நிருவாகங்கள் பணம் செலவிட வேண்டும். அதற்கு அவர்கள் எளிதில் இணங்கவில்லை. இந்த அநுபவமும் சேர்ந்தே 1926இல் களுத்துறையில் மன்றத்தின் உதவியோடு முதலாவது சுகாதாரப் பிரிவு அமைவதற்கு வழிவகுத்தது. தாய் சேய் நலமும் சுற்றாடல் சுகாதாரமும் ஒன்றாகக் கவனிக்கப்பட்ட அந்த அமைப்பே நமது நாட்டின் பொதுச் சுகாதார முறைமைக்கு அடித்தளமாயிற்று.

நியூயோர்க்கின் ஒரு மேசையில் ஒரு முன்னாள் போதகர் எடுத்த தீர்மானம் மாத்தளை மலையில் நம்மவர் ஒருவரின் இரத்தத்தைக் காத்தது. அதே மேசையிலிருந்து சென்ற கடிதம் கொலராடோ சுரங்கத் தொழிலாளரின் கோரிக்கையை மறுத்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இப்பதவியின் உண்மையான பாரம் விளங்கும்.

செல்வம் தலைமுறை தாண்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தை ஒல்லாந்தர் 1707இல் தொகுத்து நடைமுறைப்படுத்தினர். அச்சட்டம் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று மூன்றாகப் பிரிக்கின்றது. பெற்றோர் வழி வந்தது முதுசம். மணவாழ்வில் தம் முயற்சியால் ஈட்டியது தேடியதேட்டம். முதுசக் காணியை விற்பதானால் பங்காளிக்கும் உறவினருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. நம் முன்னோர் இவ்விரண்டையும் வேறு வேறாக எண்ணினார்கள் என்பதே முக்கியம். தேடியவனுக்கு அதன் அருமை தெரியும். முதுசத்தைப் பெற்றவனுக்கு அது தன்னைக் கடந்து செல்லும் பொருள் என்ற உணர்வு ஊட்டப்பட வேண்டும். குடும்பக் காரியாலயத்தின் தலைவர் நிற்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வாசற்படியில். ஒருவர் தேடிய தேட்டம் அடுத்தவரின் முதுசமாக மாறும் தறுவாயில் அவர் காவல் நிற்கிறார்.

அந்தக் காவல் இல்லாவிட்டால் என்னவாகும் என்பதற்கு வண்டர்பில்ற் குடும்பத்தைக் காட்டுவார்கள். இரயில் பாதைகளால் செல்வந்தரான கொர்னேலியஸ் வண்டர்பில்ற் 1877இல் ஏறத்தாழ 100 மில்லியன் டொலர் விட்டுச் சென்றார். மகன் அதனை எட்டாண்டுகளில் இரட்டிப்பாக்கினார். பேரப்பிள்ளைகள் மாளிகைகள் கட்டினார்கள். இன்று அம்மாளிகைகளுட் சில, கட்டணம் செலுத்திப் பார்வையிடும் காட்சியகங்கள். ரொக்பெல்லர் குடும்பத்திலோ மகன் 1934இல் தம் பிள்ளைகளுக்கும் 1952இல் பேரப்பிள்ளைகளுக்கும் நம்பிக்கைப் பொறுப்புகளை ஏற்படுத்தினார். ரொக்பெல்லர் பிளாசாவின் 56ஆவது மாடியில் இருந்த காரியாலயம் பல தசாப்தங்களாக அக்குடும்பத்தின் பொதுத் திண்ணையாக விளங்கியது. கார்னகியின் கூட்டாளி ஹென்றி பிப்ஸ் 1907இல் தம் குடும்பத்துக்காகத் தொடங்கிய பெசமர் நிறுவனம் 1974இல் ஏனைய குடும்பங்களுக்கும் கதவைத் திறந்தது. இன்றும் இயங்குகின்றது.

மறுபடியும் ஆர்கெகோஸுக்கு வருவோம். அதன் நிறுவனர் பில் ஹ்வாங் முன்னர் நடத்திய முதலீட்டு நிதியம் 2012இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் செலுத்தியது. அதன் பின்னர் வெளியாரின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தம் சொந்தப் பணத்துக்கான குடும்பக் காரியாலயமாக அவர் அதனை மாற்றிக்கொண்டார். 2010இன் அமெரிக்க நிதிச் சீர்திருத்தச் சட்டம் குடும்பக் காரியாலயங்களுக்கு விலக்களித்திருந்தது. ஒரு குடும்பம் தன் பணத்தைத் தானே இழந்தால் பிறருக்கு என்ன என்பதே அதன் தருக்கம். ஆனால் 36 பில்லியன் டொலர்வரை வளர்ந்த பணத்தின் மேல் வங்கிக் கடனால் 160 பில்லியன் டொலர் அளவுக்குப் பந்தயங்கள் ஏறியிருந்தன என்று அரச வழக்குத்தொடுநர்கள் கூறினர். வீழ்ந்தபோது வங்கிகள் 10 பில்லியன் டொலருக்கு மேல் இழந்தன. 2024 ஜூலையில் ஹ்வாங்கும் நிதிப் பொறுப்பாளரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். நவம்பரில் ஹ்வாங்குக்கு 18 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஏற்கெனவே பலவீனப்பட்டிருந்த கிரெடிட் சுவிஸ் 2023இல் யூபிஎஸ் வங்கியிடம் அடைக்கலம் புகுந்தது.

அக்காரியாலயத்தில் முதலாளியும் தலைவரும் ஒருவரே. “வேண்டாம்” என்று சொல்ல ஒரு கேற்ஸ் அங்கு இல்லை. இருந்தவர்களோ முதலாளியின் விருப்பத்தை வங்கிகளுக்கு மறைத்துக் கொடுத்தார்கள் என்பதே நீதிமன்றத்தின் முடிபு.

இனி, எனக்கு அவசரம் தந்த கேள்விக்கு வருகிறேன். எனது மருமகன் முறையான ஒருவர் யாழ்ப்பாணத்தில் படித்து, கொழும்பில் கணக்காளராகித் தேர்ந்து, பல ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் இத்தகைய காரியாலயம் ஒன்றில் பணிபுரிகிறார். சிங்கப்பூரில் 2020இல் வரிச்சலுகை பெற்ற தனிக் குடும்பக் காரியாலயங்கள் 400 அளவில் இருந்தன. 2024 இறுதியில் அவை 2,000ஐத் தாண்டிவிட்டன. இடையே 2023 ஓகஸ்டில் 3 பில்லியன் சிங்கப்பூர் டொலர் பெறுமதியான கள்ளப்பண வழக்கு வெடித்தது. அதிலே சிக்கியவர்களோடு தொடர்புடைய குடும்பக் காரியாலயங்களும் வரிச்சலுகை பெற்றிருந்தமை வெளியாயிற்று. அதன் பின்னர் விதிகள் இறுகின. இவ்வேளையில் அவருடைய காரியாலயத்தின் தலைவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு இவரை அழைத்திருக்கிறார்கள்.

“மாமா, சம்பளம் நல்லது. ஆனால் மற்றவர்களின் பணத்துக்காக ஆயுள் முழுவதும் உழைப்பது ஒரு வாழ்க்கையா என்று அம்மா கேட்கிறா. நீங்கள் எத்தனையோ பெரிய மனிதரைக் கண்டவர். ஏற்கலாமா, விடலாமா?” என்று கேட்டார்.

நான் அவரிடம் சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை. மூன்று கேள்விகளைக் கேட்டேன்.

“தம்பி, அந்தப் பெரியவரிடம் எப்போதாவது ‘இது வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறீரா? சொன்னபோது அவர் என்ன செய்தார்?”

இரண்டு தடவை சொன்னதாகவும், ஒரு தடவை அவர் கேட்டதாகவும், மறு தடவை மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டுப் பின்னர் தாமே அழைத்துப் பேசியதாகவும் கூறினார்.

“பணம் எங்கிருந்து வந்தது என்பது உமக்கு முழுவதும் தெரியுமா?”

பெரும்பாலும் தெரியும் என்றார். “பெரும்பாலும் என்பது கணக்கில் இல்லாத சொல். கையெழுத்து வைப்பதற்கு முன் முழுவதும் தெரிந்துகொள்ளும்” என்றேன். அரை நூற்றாண்டுக் காலம் செய்தி சேகரித்தவனுக்கு இதில் ஓர் அக்கறை உண்டு. 2021 ஒக்டோபரில் பண்டோரா ஆவணங்கள் வெளியானபோது, பல நாடுகளின் அதிகாரம் பெற்றோரும் செல்வந்தரும் கம்பனிகளுக்குப் பின்னாலும் நம்பிக்கைப் பொறுப்புகளுக்குப் பின்னாலும் சொத்தை நிறுத்தியிருந்த விதம் உலகுக்குத் தெரிந்தது. அவற்றுள் பெரும்பகுதி சட்டப்படியானது. அந்த ஏற்பாடுகளைச் செய்து கொடுத்தவர்கள் கொள்ளைக்காரர் அல்லர். நன்றாகப் படித்த, ஒழுங்கான, குடும்பத்துக்காக உழைத்த கணக்காளரும் சட்டத்தரணிகளுந்தான். ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்தைக் காப்பது வேறு. ஒரு நாட்டுக்குச் சேர வேண்டியதை மறைப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே பூட்டுத்தான் பயன்படுகின்றது என்பதே இத்தொழிலின் சங்கடம்.

“அவர்களின் தொழிற்சாலை ஒன்றுக்காவது நீர் நேரில் போயிருக்கிறீரா?”

இதற்கு அவர் சற்று நேரம் பேசவில்லை. வியட்நாமில் இரண்டு ஆடைத் தொழிற்சாலைகள் உண்டு என்றும், அறிக்கைகள் மாதாமாதம் வருகின்றன என்றும் சொன்னார். லட்லோவின் கதையை அவருக்கு அப்போது விரிவாகச் சொன்னேன்.

ஏற்கவோ மறுக்கவோ நான் சொல்லவில்லை. அது அவருடைய தீர்மானம். அவருடைய தாய் கேட்ட கேள்விக்கு மாத்திரம் என் கருத்தைச் சொன்னேன். பிறர் பொருளுக்காக உழைப்பது இழிவன்று. நமது ஊர்க் கோயில்களில் நல்ல தர்மகர்த்தா ஒருவர் முப்பது ஆண்டுகள் வயல் வருமானத்தையும் நகைப் பெட்டியையும் பாதுகாத்து, ஒரு நாள் திறப்புக் கோர்வையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்து போவார். அவரை ஊர் மதிக்கும். ஆனால் கோயில் கணக்கை ஊர் கேட்கலாம். குடும்பக் காரியாலயத்தின் கணக்கை எவரும் கேட்க முடியாது. கேட்பவர் இல்லாத இடத்தில் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளக்கூடிய மனிதரே அந்த நாற்காலிக்கு வேண்டியவர்.

கடந்த கிழமை அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பதில் கூற ஒரு மாத அவகாசம் கேட்டிருக்கிறாராம். முதலில் வியட்நாமுக்குப் போய்வரப் போகிறாராம்.